11 என்றால் சோடியம்

வீட்டில் வயதானவர்கள் திடீரென்று தடுமாறிப் பேசத் தொடங்கினால், ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பல நேரம் கிடைக்கும் பதில் இது: "சோடியம் குறைஞ்சிருக்கு." ரத்தத்தில் அது லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்று பரிசோதனைத் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

இதே சோடியத்தைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். கத்தியால் வெட்ட வரும் அளவுக்கு மென்மையான உலோகம் அது. வெட்டிய இடம் பளபளக்கும். சிறு துண்டு ஒன்று தண்ணீரில் விழுந்தால் போதும், உருகி உருண்டையாகி, நீர்ப்பரப்பில் சீறிக்கொண்டு ஓடும். துண்டு சற்றுப் பெரிதென்றால் தீப்பிடித்து வெடிக்கும். நம் உடம்பிலோ பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் சோடியம் எந்தச் சலனமும் இல்லாமல் கரைந்து ஓடுகிறது.

இரண்டையும் சோடியம் என்றே சொல்கிறோம். நடத்தை இவ்வளவு மாறியும் பெயர் மாறாததற்கு என்ன காரணம்? அணுவுக்குள் எது மாறியது, எது மாறவில்லை? இந்த ஒரு கேள்வியை விடாமல் துரத்தினால் புரோட்டானுக்கு என்ன வேலை, எலக்ட்ரானுக்கு என்ன வேலை என்பது தெளிவாகிவிடும்.

முதலில் அணுவின் அமைப்பு. நடுவே அணுக்கரு. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும், மின்சுமையே இல்லாத நியூட்ரான்களும் நெருக்கமாக இருக்கின்றன. வெளியே எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை ஓர் எலக்ட்ரானைப்போல் 1836 மடங்கு. ஆனால் மின்சுமையின் அளவில் இரண்டும் துல்லியமாகச் சமம். குறி மட்டும் எதிர். சோடியத்தின் அணுக்கருவை ஒரு மிளகு அளவுக்குப் பெரிதாக்க முடிந்தால், அந்த அணுவின் வெளி எலக்ட்ரான் நூறு மீட்டருக்கும் அப்பால் உலவும். அணுவின் நிறையில் ஏறக்குறைய முழுவதும் அந்த மிளகுக்குள்தான்.

அணுக்கருவில் 11 புரோட்டான் இருந்தால் அது சோடியம். 10 இருந்தால் நியான், 12 இருந்தால் மக்னீசியம். இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோடியத்துக்கென்று தனி வகைப் புரோட்டான் இல்லை. ஹைட்ரஜனில் உள்ள புரோட்டானும் தங்கத்தில் உள்ள புரோட்டானும் எந்த வகையிலும் வேறுபடாதவை. எலக்ட்ரானும் அப்படித்தான். ஒரே மாதிரியான துகள்கள், எண்ணிக்கை மட்டும் வேறு. அதிலிருந்துதான் உப்பும் இரும்பும் மூச்சுக்காற்றும் உண்டாகின்றன. இயற்கை இவ்வளவு சிக்கனமாக இருக்க முடியும் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புரோட்டான்களின் இந்த எண்ணிக்கைதான் அணு எண். பள்ளியில் இதை "அணு எண் = புரோட்டான்களின் எண்ணிக்கை = எலக்ட்ரான்களின் எண்ணிக்கை" என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறோம். இந்த வரியில் முதல் சமக்குறி எப்போதும் உண்மை. இரண்டாவது சமக்குறி, அணு மின்சுமையற்று இருக்கும்போது மட்டுமே உண்மை. அந்த நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் பின்னால் அயனி, அதாவது எலக்ட்ரான் கூடியோ குறைந்தோ மின்சுமை பெற்ற அணு, என்ற பாடம் வரும்போது மாணவர்கள் குழம்புகிறார்கள். நம் பூமியில் கடலிலும் பாறையிலும் உடம்பிலும் இயற்கையாகக் கிடைக்கும் சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள் இல்லை, 10 தான் இருக்கின்றன. ஆய்வகத்துப் புட்டியில் இருக்கும் உலோகச் சோடியம் மனிதர்கள் மின்சாரத்தைச் செலவழித்துத் தயாரித்தது. பாடப்புத்தகம் இயல்பானது என்று காட்டும் சோடியம், உண்மையில் அபூர்வமான சோடியம்.

அந்த ஒற்றை எலக்ட்ரான்

எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றி அடுக்கடுக்கான ஆற்றல் மட்டங்களில் இருக்கின்றன. இவற்றைக் கூடுகள் என்பார்கள். மின்சுமையற்ற சோடியத்தில் உட்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளிக்கூட்டில் 1. அந்த ஒன்றைப் பிய்த்தெடுக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். எலக்ட்ரான் வோல்ட் என்பது ஒற்றை அணுவின் கணக்குக்கு ஏற்ற மிகச் சிறிய ஆற்றல் அலகு. இரண்டாவது எலக்ட்ரானையும் எடுக்க வேண்டுமென்றால் 47 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தேவை, ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதனால் சோடியத்தின் வேதியியல் முழுவதும் அந்தப் பதினோராவது எலக்ட்ரானைச் சுற்றியே நடக்கிறது. அது இருந்தால் உலோகம், போய்விட்டால் அயனி.

சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது என்று பலரும் விளக்குவார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. தனியாக விடப்பட்ட சோடியம் அணு எதையும் கொடுக்காது; 5.14 எலக்ட்ரான் வோல்ட்டை யாராவது செலவழித்தாக வேண்டும். பக்கத்தில் ஒரு குளோரின் அணு இருந்தால், அது எலக்ட்ரானை ஏற்கும்போது 3.6 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது. அது மட்டும் செலவை ஈடுகட்டாது. நேர்மின்சுமை பெற்ற சோடியமும் எதிர்மின்சுமை பெற்ற குளோரினும் ஒன்றையொன்று இழுத்து, படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல்தான் கணக்கை லாபத்தில் முடிக்கிறது. விளைவு, உப்பு.

குளோரினுக்கும் இதே கதைதான். 17 புரோட்டான், மின்சுமையற்ற நிலையில் 17 எலக்ட்ரான். அந்த நிலையில் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்த வாயு அது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மன் படை நச்சு வாயுவாகத் திறந்துவிட்டது இதைத்தான். ஓர் எலக்ட்ரான் கூடி 18 ஆனால் அது குளோரைடு. தினமும் சாப்பாட்டில் கலந்து உண்கிறோம். 17 புரோட்டான் அப்படியே இருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தண்ணீரில் சோடியம் சீறுவது, தன் எலக்ட்ரானைத் தண்ணீருக்குக் கொடுத்து ஹைட்ரஜனை விடுவிப்பதால். ரத்தத்தில் இருக்கும் சோடியத்திடம் கொடுப்பதற்கு அந்த எலக்ட்ரான் இல்லை. அது எப்போதோ போய்விட்டது.

எலக்ட்ரானை வைத்தே பெயரிட்டால் என்ன?

நடத்தையைத் தீர்மானிப்பது எலக்ட்ரான் என்றால், பெயரையும் எலக்ட்ரான்களை எண்ணியே வைக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

சரியாக 10 எலக்ட்ரான்கள் கொண்டவற்றை ஒரு வரிசையில் நிறுத்துவோம். ஆக்சைடு அயனியில் 8 புரோட்டான், பற்பசையில் சேர்க்கும் ஃபுளோரைடில் 9, விளக்குகளில் ஒளிரும் நியானில் 10, உப்பில் உள்ள சோடியம் அயனியில் 11, இலைகளின் பச்சையத்தில் இருக்கும் மக்னீசியம் அயனியில் 12. ஐந்திலும் எலக்ட்ரான்கள் அதே 10, அதே 2, 8 அடுக்கு. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. புரோட்டான் கூடக்கூட அதே 10 எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன; ஆக்சைடு பருத்திருக்கும், மக்னீசியம் அயனி அதில் ஏறக்குறைய பாதி ஆரத்துக்குச் சுருங்கிவிடும். நியான் யாரோடும் சேராது. மற்ற நான்கும் மின்சுமை கொண்டவை, எதிர்ச்சுமையை இழுத்துக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருப்பது மட்டும் எதையும் ஒன்றாக்கிவிடுவதில்லை. எத்தனை புரோட்டான்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன என்பதையும் சேர்த்தால்தான் எலக்ட்ரான்களின் நடத்தைக்கே பொருள் வருகிறது.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி வழிந்தால் சுடர் சட்டென்று மஞ்சளாகும். சுடரின் சூட்டில் சோடியம் அயனி சில நொடிப்பொழுது தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெறுகிறது. அந்த எலக்ட்ரான் ஒரு மட்டம் மேலே ஏறி இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் ஒளி வருகிறது. பழைய தெருவிளக்குகளின் மஞ்சளும் இதே சோடியம்தான். ஒளியை விடுவது எலக்ட்ரான். ஆனால் மட்டங்களுக்கு இடையிலான தூரத்தை வகுத்துவைத்தது நடுவே இருக்கும் 11 புரோட்டான்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பொளியில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. முதலில் சோடியம் என்றே எண்ணினார்கள். அளந்து பார்த்தபோது இடம் மயிரிழை தள்ளியிருந்தது. அது 2 புரோட்டான் கொண்ட ஹீலியம். பூமியில் அதை வில்லியம் ராம்சே கண்டுபிடித்தது 1895-ல்தான்.

தொட முடியாத இடம்

பெயரைப் புரோட்டானிடம் ஒப்படைத்ததற்கு என் பார்வையில் மிக வலுவான காரணம் ஆற்றல் கணக்கு. சோடியத்தின் ஓர் எலக்ட்ரானை எடுக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் என்றோம். அதன் அணுக்கருவிலிருந்து ஒரு புரோட்டானை எடுக்க 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுபவை. அவற்றை அவ்வளவு சிறிய இடத்தில் கட்டிவைக்கும் அணுக்கரு விசை அத்தனை வலியது. தீ, அமிலம், மின்கலம், நம் வயிற்றின் செரிமானம் எல்லாமே ஓர் அணுவுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் அளவில் நடக்கும் வேலைகள். கொல்லன் உலையின் சூடுகூட ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் சிறு பங்கைத்தான் தருகிறது. ஆகவே எரித்தாலும் கரைத்தாலும் உண்டு செரித்தாலும் எலக்ட்ரான்கள் இடம் மாறும், அணுக்கரு எதையும் உணராது. கடலில் இருந்து உப்பளத்துக்கும், அங்கிருந்து குழம்புக்கும், பிறகு வியர்வைக்கும் போகும் சோடியம் வழியெங்கும் சோடியமாகவே இருப்பது இதனால்தான்.

ரசவாதிகள் தோற்றதும் இதனால்தான். பாதரசத்தைப் பொன்னாக்க முயன்றவர்கள் தமிழ்நாட்டிலும் சீனாவிலும் அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் தங்கத்துக்கு மிக அருகில் இருந்தது. பாதரசத்தில் 80 புரோட்டான், தங்கத்தில் 79. ஒன்றே ஒன்று குறைய வேண்டும். ஆனால் அந்த ஒன்றை எந்த உலையாலும் எடுக்க முடியாது. அவர்கள் முட்டாள்கள் அல்லர். உலோகங்களைச் சுத்தப்படுத்துவதிலும் வடித்தெடுப்பதிலும் பின்னால் வந்த வேதியியலுக்குப் பல முறைகளை விட்டுச்சென்றார்கள். அவர்கள் கையில் இருந்த கருவிகளெல்லாம் எலக்ட்ரானைத் தொடுபவை, அவ்வளவுதான்.

அணுக்கருவைத் தொடும் கருவி முதலில் ரூதர்ஃபோர்டுக்குக் கிடைத்தது. கதிரியக்கப் பொருளிலிருந்து பாய்ந்துவரும் ஆல்பா துகள்களை அவர் நைட்ரஜனில் மோதவிட்டார். ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது புரோட்டான்கள், வெளியே வந்தன. இதை 1919-ல் வெளியிட்டார். உள்ளே என்ன நடந்தது என்பதை 1925-ல் பிளாக்கெட் முகிற்கலப் படங்களில் (துகள்கள் போன தடம் மேகக் கோடாகத் தெரியும் கருவியில் எடுத்தவை) காட்டினார்: 7 புரோட்டான் கொண்ட நைட்ரஜன், 2 கொண்ட ஆல்பாவை விழுங்கி, 1 புரோட்டானைத் துப்பி, 8 கொண்ட ஆக்சிஜனாகியிருந்தது. 7-ம் 2-ம் சேர்ந்தால் 9. 8-ம் 1-ம் சேர்ந்தாலும் 9. மனிதர் ஒருவர் தெரிந்தே ஒரு தனிமத்தை இன்னொன்றாக்கியது அப்போதுதான்.

1941-ல் அமெரிக்காவில் பாதரசத்தின் மேல் வேகமான நியூட்ரான்களைச் செலுத்தித் தங்கத்தையும் உண்டாக்கினார்கள். கிடைத்தது கதிரியக்கம் உள்ள தங்கம். வைத்திருந்தால் சிதைந்து போய்விடும். அண்மையில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் 82 புரோட்டான் கொண்ட ஈய அணுக்கருக்களை ஒன்றையொன்று உரசுவதுபோல் பாயவிட்டபோது, சிலவற்றிலிருந்து மூன்று புரோட்டான்கள் உதிர்ந்தன. 2015 முதல் 2018 வரை இப்படி உண்டான தங்க அணுக்கருக்கள் சுமார் 8600 கோடி என்று 2025-ல் அறிவித்தார்கள். மொத்த எடை 29 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி கூறிட்டு, அதில் 29 கூறு. அதுவும் நொடிக்கும் குறைவான நேரமே நீடித்தது.

எடையா, எண்ணா?

இந்தப் புரிதல் எளிதாக வந்துவிடவில்லை. 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்தி அட்டவணையாக்கியபோது புரோட்டான், எலக்ட்ரான் எதுவும் தெரியாது. அவர் கையில் இருந்தது அணுக்களின் எடை. எடைப்படி அடுக்கினால் பண்புகள் அழகாகத் திரும்பத் திரும்ப வந்தன, சில இடங்களைத் தவிர. டெல்லூரியம் (127.6) அயோடினை (126.9) விடக் கனம், ஆனால் பண்புகளைப் பார்த்தால் டெல்லூரியம்தான் முன்னால் வர வேண்டும். மெண்டலீவ் பண்புகளை நம்பி இடத்தை மாற்றி வைத்தார். டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பார்கள் என்று கருதினார். அளவு சரியாகத்தான் இருந்தது. கோபால்ட்டும் நிக்கலும் இதே சிக்கல். 1894-ல் ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டபோது இன்னொன்றும் சேர்ந்தது: ஆர்கான் (39.95) பொட்டாசியத்தை (39.10) விடக் கனம்.

தீர்த்துவைத்தவர் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர். 1913-ல் மான்செஸ்டரில் வேலையைத் தொடங்கி, பின்பு ஆக்ஸ்ஃபோர்டில் தொடர்ந்தார். ஒரு தனிமத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையை மோதவிட்டால் அதற்கே உரிய எக்ஸ் கதிர் வெளிவரும். அணுக்கருவுக்கு மிக அருகில் உள்ள எலக்ட்ரான்களிடமிருந்து வருவதால், அந்தக் கதிரில் அணுக்கருவின் இழுப்பு நேரடியாகத் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் அதிர்வெண்ணை அளந்து வர்க்கமூலம் எடுத்தார். தனிமத்துக்குத் தனிமம் அது சம அளவில் ஒவ்வொரு படியாக ஏறியது. எடை அப்படி ஏறுவதில்லை, ஒழுங்கில்லாமல் தாவும். கோபால்ட் 27-ஆம் படியிலும் நிக்கல் 28-ஆம் படியிலும், எடையைப் பொருட்படுத்தாமல், பண்புகள் கேட்ட அதே வரிசையில் நின்றன. அட்டவணையின் எண் வெறும் வரிசை எண் அல்ல, அணுக்கருவில் இருக்கும் நேர்மின்சுமையின் அளவு என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

படிகளில் நான்கு இடங்கள் காலியாக இருந்தன: 43, 61, 72, 75. அங்கே தனிமங்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. 72 ஹாஃப்னியமாக 1923-லும், 75 ரீனியமாக 1925-லும், 43 டெக்னீசியமாக 1937-லும், 61 புரோமீத்தியமாக 1945-லும் வந்து சேர்ந்தன. மோஸ்லி இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கல்லிபோலியில் கொல்லப்பட்டார். வயது 27. அந்த ஒரு சாவை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எடை ஏன் ஏமாற்றியது என்பதற்கான விடை நியூட்ரானில் இருந்தது. 1932-ல் சாட்விக் அதைக் கண்டறிந்தார். நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாததால் எலக்ட்ரான்களை அது இழுப்பதில்லை. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் தனிமம் மாறாது, எடைதான் மாறும். இப்படி ஒரே புரோட்டான் எண்ணிக்கையும் வெவ்வேறு நியூட்ரான் எண்ணிக்கையும் கொண்டவை ஐசோடோப்புகள். பொட்டாசியத்தில் பெரும்பகுதி 20 நியூட்ரான் கொண்ட பொட்டாசியம்-39. காற்றில் உள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கு மேல் 22 நியூட்ரான் கொண்ட ஆர்கான்-40. புரோட்டான் ஒன்று குறைவு, நியூட்ரான் இரண்டு கூடுதல், அதனால் கனம்.

அவ்வளவு ஆர்கான்-40 எங்கிருந்து வந்தது? பொட்டாசியத்திலிருந்தே வந்தது. பொட்டாசியம்-40 என்ற ஐசோடோப்பு மிகச் சிறிய அளவில், பத்தாயிரத்தில் ஒரு பங்கு, எல்லாப் பொட்டாசியத்திலும் கலந்திருக்கிறது. கதிரியக்கம் கொண்டது, பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். அதில் பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை, தம் அணுவின் எலக்ட்ரான் ஒன்றை அணுக்கருவுக்குள்ளேயே இழுத்துக்கொள்கின்றன. ஒரு புரோட்டான் நியூட்ரானாகிறது. 19 என்பது 18 ஆகிறது, பொட்டாசியம் ஆர்கானாகிறது. பூமியின் பாறைகளில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்து, கசிந்து வெளியேறிச் சேர்ந்ததுதான் நாம் சுவாசிக்கும் காற்றில் 0.93 விழுக்காடாக இருக்கும் ஆர்கான். வரிசையைக் குழப்பிய அந்தக் கனமான வாயு, அட்டவணையில் தன் பக்கத்துக் கட்டத்திலிருந்து ஒரு புரோட்டான் இறங்கி வந்தது.

மற்ற பங்கு எதிர்த்திசையில் போகிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அப்போது உண்டாகும் எலக்ட்ரான் வேகமாக வெளியே பாய்ந்துவிடுகிறது. 19 என்பது 20 ஆகிறது, அதாவது கால்சியம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒவ்வொரு நொடியும் பொட்டாசியம்-40 அணுக்கள், இரண்டு வழிகளிலும் சேர்த்து, நாலாயிரத்துக்கும் மேல் மாறுகின்றன. உடம்பில் பொட்டாசியம் அயனியாக, 18 எலக்ட்ரான்களோடு இருக்கிறது. கால்சியமாக மாறிய பிறகு பெரும்பாலும் அதே 18 எலக்ட்ரான்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்க, நடுவே 20 புரோட்டான்கள். 20 புரோட்டானும் 18 எலக்ட்ரானும் கொண்டது கால்சியம் அயனி, எலும்பிலும் ரத்தத்திலும் கால்சியம் வழக்கமாக இருக்கும் அதே வடிவம். அந்த நொடியிலிருந்து உடம்பு அதைக் கால்சியமாகவே நடத்துகிறது.